சீமாட்டி வண்டி ஏறிய நாள்

குதிரை ஏற்றுகிற டிரெய்லரின் சரிவுப் பலகையைக் கூட்டிப் பெருக்கியவள் சுட்டியேதான். உள்ளே புது வைக்கோலும் பரப்பினாள். வண்டி அவளுடையது இல்லை. அவளுடைய அக்காவை விவாகரத்து செய்த மனிதனுடையது. இருந்தாலும் பலகை வழுக்கியது, வைக்கோல் ஈரம் என்று பிறகு ஒரு சாக்கு வந்துவிடக் கூடாது. பழி தீர்ப்பதென்று இறங்கிவிட்டால் அதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்பது அவள் கட்சி.

"எல்லாம் தயார், அத்தான்" என்றாள், தேன் தடவிய குரலில்.

விவாகரத்து முடிந்த பிறகும் அவனை அத்தான் என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான். ஒவ்வொரு 'அத்தானு'க்கும் அவன் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு வரும். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

சுட்டி என்பது சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர். முப்பதைத் தாண்டி, இந்த லாயத்தில் குதிரைகளைப் பழக்குபவளாக வேலை பார்த்து, எட்டு முரட்டுக் குதிரைகளை வழிக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

அத்தான் வெள்ளைப் பேன்ட்டும் புதுக் கையுறையும் போட்டிருந்தான். பளபளவென்று பூட்ஸ். குதிரைத் தாண்டல் போட்டிகளில் பரிசு வாங்கிய மனிதன் என்பது அவன் நிற்கிற நிலையிலேயே தெரிய வேண்டும் என்று நிற்பான். காரின் முன் இருக்கையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் அணைத்தபடி அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை. வெற்றியைப் பார்க்க வந்தவள்.

"சீக்கிரம் ஏத்துடா. இந்த நாத்தத்துல எவ்வளவு நேரம் உக்காருவேன்?" என்றாள்.

"பத்து நிமிஷம்மா."

லாயத்தின் சொந்தக்காரர் மீசைக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவர் எந்தப் பக்கமும் சேராதவர். வக்கீல் அவரைத்தான் சாட்சியாக இருக்கச் சொல்லியிருந்தார். பேசி முடித்த பேச்சு இதுதான்: இன்று சாயங்காலம் லாயத்தின் கேட்டைப் பூட்டுவதற்குள் அவன் குதிரையை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். போனால் குதிரை அவனுக்கு. போகாவிட்டால் அக்காவுக்கு. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

குதிரை என்றால் சீமாட்டி. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, நடக்கிற நடையில் ஒரு 'நீங்கள் எல்லாம் யார்' என்கிற தோரணை. அதைப் பெற்ற குதிரை பிரசவத்திலேயே செத்துப் போனபோது, அக்காதான் லாயத்துத் தரையில் படுத்துக்கொண்டு புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பிறகு சவாரிக்கு வந்த ஒருவன் சீமாட்டியைப் பார்த்தான். அப்படியே அக்காவையும் பார்த்தான். எதை முதலில் பார்த்தான் என்பதில் சுட்டிக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. கல்யாணமான சூட்டிலேயே, 'நம்ம வீட்டுக் குதிரைதானே' என்று சீமாட்டியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். அக்கா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அப்போது அவள் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சீமாட்டிக்கு வயதாகிவிட்டது. தாண்டல் போட்டிக்கு உதவாது. அவனுக்கு அது தேவையும் இல்லை. அக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ள இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடியவன் கண்ணில் இது பட்டது, அவ்வளவுதான்.

அக்கா வெளியே வரவில்லை. தீவன அறைக்குள் இருந்தாள். காலையிலேயே சீமாட்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி விட்டு, அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றியும் அவள் அதிகம் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "வான்னு கூப்பிடுவாரு. போனா, ஏன் வந்தேன்னு கேப்பாரு." அதற்குப் பிறகு வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு வாக்கியங்களைச் சுட்டி பத்திரமாக வைத்திருந்தாள். அவள் திட்டம் அதிலிருந்துதான் முளைத்தது.

சீமாட்டிக்கு ஒன்றைக் கற்றுக்கொடுப்பது சிரமமே இல்லை. கேரட் ஒன்று போதும். தினமும் அக்கா வேலைக்குப் போன பிறகு, பின்பக்கத் திடலுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போவாள் சுட்டி. கயிற்றை முன்னால் ஒரு இழு இழுப்பாள். கூடவே மார்பில் கை வைத்துப் பின்னால் தள்ளுவாள். பின்னால் போனால் கேரட். சில நாளில் கையே வேண்டியிருக்கவில்லை. கயிறு இறுகினால் போதும், பின்வாங்கிவிடும். அப்புறம் பின்தொடையில் குச்சியால் ஒரு தட்டு. அதற்கும் பின்னால் போக வேண்டும். எவ்வளவு பலமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு வேகமாக.

ஒரே ஒரு வழியை மட்டும் அவள் அடைக்கவில்லை. கயிற்றைத் தளர விட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தால் சீமாட்டி பின்னாலேயே வரும். எங்கே வேண்டுமானாலும் வரும். அக்கா அதை அப்படித்தான் வளர்த்திருந்தாள். அந்த வழியை மூடச் சுட்டிக்கு மனம் வரவில்லை. மூடவும் தேவையில்லை என்று நினைத்தாள். அத்தான் இழுக்காமல் ஒரு வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

"வா, வா" என்று அத்தான் சீமாட்டியின் முகத்து வாரில் கயிற்றை மாட்டினான். பலகைமேல் ஏறி, குதிரையின் முகத்தை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு, ஒரு இழுப்பு இழுத்தான்.

சீமாட்டி மரியாதையாகப் பின்னால் நகர்ந்தது.

அவன் பலமாக இழுத்தான். அது பலமாக நகர்ந்தது. அவன் பலகையிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று.

"என்னடா, அது உன்னை இழுத்துட்டுப் போகுது?" என்றாள் அம்மா காரிலிருந்து.

"கொஞ்சம் சும்மா இரும்மா."

"நான் சும்மாதான் இருக்கேன். குதிரைதான் சும்மா இல்ல."

மீசைக்காரர் இருமினார். அவர் சிரிப்பு வந்தால் இருமுவார் என்பது லாயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அத்தான் தீவன வாளியைக் கொண்டுவரச் சொன்னான். சுட்டி ஓடிப் போய்க் கொண்டுவந்தாள். ஓட்ஸை நிரம்பப் போட்டே கொண்டுவந்தாள். வாளியைக் குலுக்கிக் காட்டியதும் சீமாட்டி காதை முன்னால் நிமிர்த்தி, ஒரு காலைப் பலகையில் வைத்தது. இன்னொரு காலையும் வைத்தது. இதைச் சுட்டி யோசிக்கவே இல்லை. குதிரை கழுத்தை நீட்டி, உதட்டால் வாளியின் விளிம்பைத் தடவியது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் உள்ளே.

அந்த இரண்டு எட்டுக்குப் பொறுமை இல்லாமல் அத்தான் கயிற்றைச் சுண்டினான். சீமாட்டி வாய் நிறைய ஓட்ஸோடு, மென்றுகொண்டே பின்னால் போய் நின்றது.

சுட்டி மூச்சை விட்டாள். 'அத்தான், நீங்க தங்கம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இதுக்கு ஏதாச்சும் பண்ணி வச்சிருக்கியா நீ?" அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"நானா? நான் என்ன அத்தான் பண்ணப் போறேன்? கோப்பை வாங்கினவங்க நீங்க. நான் லாயம் கூட்டுறவ."

"முன்னெல்லாம் கண்ணை மூடிட்டு ஏறும்."

"முன்னெல்லாம் அக்கா ஏத்துவா."

அவன் காது சிவந்தது. காரிலிருந்து அவன் அம்மா குரல் கொடுத்தாள். "அவளே அடங்காதவ. அவ வளர்த்தது எப்படி இருக்கும்? ரெண்டு போட்டாத்தான் சரிப்படும்."

தீவன அறை ஜன்னலில் ஒரு நிழல் அசைந்தது. அக்கா காதில் விழுந்திருக்கும். சுட்டி வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறு அக்கா, என்று நினைத்தாள். உன்னை அடங்காதவள் என்று சொன்ன வாய் இன்றைக்கு மூடப் போகிறது.

வெயில் சாய ஆரம்பித்தது. அத்தானின் பூட்ஸில் பளபளப்புப் போய்விட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான், பக்கவாட்டில் இழுத்தான், மீசைக்காரரைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னான். "நான் சாட்சி தம்பி, கூலியாள் இல்ல" என்று அவர் வாளியைவிட்டு எழவில்லை. பக்கத்துக் கொட்டடிகளில் இருந்த குதிரைகள்கூடத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்டைப் பூட்டுகிற நேரம் வந்துகொண்டிருந்தது. எல்லாம் சுட்டி கணக்குப் போட்ட மாதிரியே நடந்தது. அதற்குப் பிறகு அவன் காருக்குப் போய்ச் சாட்டையை எடுத்துவந்தான்.

அதையும் அவள் கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருந்தாள். சாட்டையை எடுப்பான், பின்னால் தட்டுவான், குதிரை பின்னால் போகும், அவன் மானம் போகும். கணக்கு அதுவரை சரி.

முதல் தட்டுக்குச் சீமாட்டி பின்னால் வந்தது. இரண்டாவது அடி பலமாக விழுந்தது. அது வேகமாக வந்தது. மூன்றாவது அடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. பின்தொடையில் ரோமம் விலகி நீளமாக ஒரு தடிப்பு எழும்பியது. சீமாட்டியின் உடம்பு நடுங்கியது. பயத்தில் நின்ற இடத்திலேயே லத்தி போட்டது. ஆனால் அது உதைக்கவில்லை, ஓடவில்லை. கழுத்தைத் திருப்பி, வெள்ளை தெரிகிற கண்ணால் சுட்டியைத் தேடியது. சொன்னதைச் செய்துவிட்டேனே, இன்னும் பின்னால் போக வேண்டுமா என்று கேட்கிற பார்வை.

சுட்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

அது அடி வாங்குவது அடம் பிடிப்பதற்காக இல்லை. சொன்னபடி கேட்பதற்காக. கேட்கக் கேட்க அடி விழுகிறது. விழ விழ இன்னும் ஒழுங்காகக் கேட்கிறது. வான்னு கூப்பிடுவாரு, போனா ஏன் வந்தேன்னு கேப்பாரு. அந்த மனிதன் அக்காவுக்கு அமைத்துக் கொடுத்த அதே வீட்டை, சீமாட்டிக்குத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்திருக்கிறாள் அவள், கேரட் கொடுத்துக் கொடுத்து.

அவன் மறுபடியும் கையை ஓங்கினான். காரில் அவன் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைப்பையை இன்னும் நெருக்கி அணைத்தாள். ரெண்டு போடச் சொன்னவள்தான். ஆனால் அது பழக்கப்பட்ட கண்மூடல். எந்த நொடியில் மூட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போதும்!" சுட்டி போய்ச் சாட்டைக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றாள். "கயிற்றைக் குடுங்க. நான் ஏத்தி விடறேன்."

"உன்னால முடியுமா?"

"குடுங்கன்னா குடுங்க!"

இந்தத் தடவை அத்தான் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

கயிற்றை வாங்கித் தரையில் தொய்ய விட்டாள். சீமாட்டியின் நெற்றிக் கீற்றைத் தடவினாள். "வா கண்ணு" என்று சொல்லிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, பலகையில் ஏறி நடந்தாள். பின்னால் பார்க்கவில்லை. பார்க்கவும் முடிந்திருக்காது, கண்ணீர் மறைத்தது. தோற்றுவிட்டாள். அக்காவுக்கு மிச்சமிருந்த ஒன்றைத் தானே ஏற்றி அனுப்புகிறாள். பலகை 'டக், டக்' என்று அதிர்ந்தது. கழுத்தில் சூடான மூச்சு பட்டது. சீமாட்டி வண்டிக்குள் வந்து, சொந்தக் கொட்டடிக்குள் வந்த மாதிரி, அவள் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

வெளியே மீசைக்காரர் வாளியைவிட்டு எழுந்துவிட்டார்.

"பின்தண்டைப் போடுங்க. தண்டு போட்ட பிறகுதான் கயிறு கட்டணும்" என்றாள் சுட்டி. வண்டியின் பின்னால் குறுக்கே போடுகிற அந்த இரும்புத் தண்டு விழுந்துவிட்டால் குதிரை இறங்க முடியாது. பிறகு பலகையைத் தூக்கி மூட வேண்டியதுதான். காரியம் முடிந்தது.

அவன் தண்டைத் தொடவில்லை. விடுவிடுவென்று உள்ளே ஏறி வந்தான். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. குதிரை ஏறாமல் இருந்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

"இறங்கு நீ. என் குதிரையை எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும்."

"முதல்ல தண்டு..."

"இறங்குன்னேன்!"

அவள் முன்பக்கச் சின்னக் கதவு வழியாக இறங்கினாள். அவன் கயிற்றை எடுத்து உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். குதிரை வேலை தெரிந்தவன் எவனும் செய்யக் கூடாத காரியம் அது. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமே, கயிற்றைக் கையில் சுற்றாதே என்பதுதான். ஆனால் அவனுக்கு அப்போது கயிறு தன் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

"இவ்வளவு நேரம் ஆட்டம் காட்டினியே, கழுதை! இப்ப எங்க போவ?" என்று, பேசாமல் நின்ற குதிரையைக் கயிற்றோடு ஒரு சுண்டு சுண்டினான்.

சீமாட்டி சொன்னபடி கேட்டது.

பின்னால் தண்டு இல்லை. அது வண்டியைவிட்டு அலுங்காமல் பின்வாங்கியது. அவன் புது வைக்கோலில் சறுக்கிக்கொண்டே கூட வந்தான். நிறுத்துவதற்காக இன்னும் இழுத்தான். அது இன்னும் வேகமாகப் போனது. சுட்டி அவ்வளவு சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்த பலகையில் பூட்ஸ் வழுக்க, பரிசு வாங்கிய மனிதன் உட்கார்ந்த நிலையில் இறங்கி வந்து, சீமாட்டி பயத்தில் போட்டிருந்த லத்திக் குவியலில் போய் நின்றான். அதாவது, உட்கார்ந்தான்.

கயிறு தளர்ந்தது. சீமாட்டி உடனே நின்றது. காதை நிமிர்த்திக்கொண்டு நேராகச் சுட்டியிடம் வந்தது. எல்லோர் கண் முன்னாலும் அவளுடைய கால்சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்து, ஒரு கேரட்டை வெளியே எடுத்து, நறுக்கென்று கடித்தது.

லாயம் முழுக்க அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

அத்தான் கேரட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வீங்கத் தொடங்கியிருந்த விரல்களை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, "நீதானா?" என்றான். "நீதான் பழக்கி வச்சியா?"

"ஆமாம்" என்றாள் சுட்டி. மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. "இழுத்தா பின்னாடி போகச் சொல்லிக் குடுத்தேன். வேற எதையும் கெடுக்கல. இவ்வளவு நேரத்துல ஒரே ஒரு தடவை இழுக்காம இருந்திருந்தா அதுவே ஏறியிருக்கும். ஒரே ஒரு தடவை, அத்தான். உங்களால முடியல."

"பெரியவரே, கேட்டீங்களா? இது மோசடி. செல்லாது!"

மீசைக்காரர் மீசையைத் தடவினார். "குதிரை ஏறி நின்னதை நான் பார்த்தேன் தம்பி. தண்டு போடுன்னு அந்தப் பொண்ணு சொன்னதையும் கேட்டேன்." அதற்குமேல் வந்ததை அவர் இருமிச் சமாளித்தார்.

"அம்மா, நீயே சொல்லு!"

அம்மா காரைவிட்டு இறங்கி வந்தாள். லத்தியை மிதித்துவிடாமல் புடவையை ஒதுக்கிக்கொண்டு, மகன் எதிரில் நின்றாள். சீமாட்டியின் தொடையில் எழும்பியிருந்த தடிப்புகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுந்திரு. போகலாம்."

"குதிரை..."

"அது ஏறித்தான் நின்னுச்சு. நீதான் இறக்கின." கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

"உனக்கு டிரெய்லர் வச்சு ஓட்டத் தெரியாதும்மா."

"காலி வண்டிதானே? குடிச்சுட்டு விழுந்த உங்க அப்பாவைப் பின்னாடி போட்டுட்டு எத்தனை தடவை ஓட்டியிருக்கேன். அதைவிடவா?"

அவன் சாவியைக் கொடுத்தான். கார்க் கதவைச் சாத்தப் போனவள், தீவன அறை ஜன்னலைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாள். பிறகு சாத்திக்கொண்டாள். வண்டி கேட்டில் ஒரு இடி இடித்து, சமாளித்துக்கொண்டு வெளியேறியது. மீசைக்காரர் போய்க் கேட்டைப் பூட்டினார். பூட்டை வேண்டுமென்றே இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார்.

அக்கா அப்புறம்தான் வந்தாள். கையில் மருந்து டப்பா இருந்தது. சுட்டியைப் பார்க்காமல் சீமாட்டியின் பின்பக்கம் போய், தடிப்புகளின் மேல் விரல் நுனியால் களிம்பு தடவினாள். குதிரை தோலைச் சிலிர்த்தது.

"அக்கா..."

"எனக்காகப் பண்ணினேன்னு மட்டும் சொல்லாத."

சுட்டி சொல்லவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தாள். அத்தான் லத்தியில் உட்கார்ந்த காட்சியை நினைத்தால் இப்போதும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. அந்தத் தடிப்புகளைப் பார்த்தால் அந்தக் குளுமை அப்படியே நின்றுபோனது. இரண்டும் மாறி மாறி வந்தன. அவள் ஒரு துணியை நனைத்து வந்து அக்காவிடம் கொடுத்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கேரட் எல்லாம் எங்க போகுதுன்னு தெரியாதா? குழம்புல போட ஒண்ணு இல்ல வீட்டுல." அக்கா துணியை வாங்கிக்கொண்டாள். "நிறுத்தச் சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்கும் பார்க்கணும்னு இருந்துச்சு." கொஞ்ச நேரம் களிம்பு தடவினாள். திடீரென்று அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் சுட்டி பதறினாள். அழுகை இல்லை. "அந்த வெள்ளைப் பேன்ட்..." என்று அக்கா ஆரம்பித்தாள், முடிக்க முடியாமல் குதிரையின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற அக்காவைச் சுட்டி மறந்தே போயிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் சுட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளையில இருந்து எல்லாத்தையும் மாத்திடறேன்க்கா. தட்டினா முன்னாடி போகணும். யாரு தட்டினாலும் பயப்படக் கூடாது. கொஞ்ச நாள் ஆகும், ஆனா மாத்திடலாம்."

"மாத்து" என்றாள் அக்கா. டப்பாவை மூடினாள். கயிற்றை எடுத்து, இழுக்காமல், தோளில் தொய்ய விட்டுக்கொண்டாள். "குச்சியால தட்டறதை மாத்து. ஆனா இழுத்தா பின்னாடி போகுதுல்ல..."

"ம்?"

"அது அப்படியே இருக்கட்டும்."

கொட்டடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். சீமாட்டி அவள் பின்னாலேயே போனது.